தண்ணீரில் நின்ற இடத்தைச் சொல்லுங்கள்

விக்ரோலி பார்க்சைட், சூர்யா நகர், டாகூர் நகர், கன்னம்வார் நகர் கோயில் கமிட்டியாருக்கும், சங்கத்தாருக்கும், மகளிர் குழு அக்கா தங்கைகளுக்கும்,



ஆடிக் கொடைக்கு வரி நோட்டு போட்டாயிற்று என்று கேள்விப்பட்டேன். வரி பிரிக்க வீடு வீடாகப் போகும்போது இந்த மடலில் உள்ளதையும் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு வாருங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். உங்களைப்போல நம் ஒவ்வொரு வாசலிலும் ஏறி இறங்குகிறவர்கள் வேறு யாரும் இல்லை. முனிசிபாலிட்டிக்காரர்கள் மழைக்காலத்தில் நோட்டீஸ் ஒட்டத்தான் செய்கிறார்கள். அது மராத்தியில் இருக்கிறது. நம் ஆச்சிமார்களுக்கு அது சுவரில் ஒட்டிய இன்னொரு காகிதம், அவ்வளவுதான். நீங்கள் சொன்னால் காது கொடுத்துக் கேட்பார்கள்.

போன வருடக் கொடையில் பால்குடம் எடுத்து வந்த ஒரு பெண்ணின் காலை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். மஞ்சள் பூசிய பாதம். விரலிடுக்கில் சேற்றுப்புண், தோல் ஊறி வெளுத்துப் பிரிந்திருந்தது. குதிகாலில் பித்தவெடிப்பு, அதில் ஒரு வெடிப்பு மட்டும் ஆழமாக, உள்ளே சிவப்பாக. ஊர்வலம் நின்ற இடம் சாலுக்குப் பின்னால் நாலா வழிந்து வரும் சந்து. இரவெல்லாம் மழை பெய்து கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் கட்டியிருந்தது. அதே சந்தில் முந்தின நாள் ராத்திரி, பூனை அளவுக்கு ஒரு பெருச்சாளி நடைபாதைக் கல்லுக்கு அடியிலிருந்த வளைக்குள் போவதை நான் பார்த்திருந்தேன். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை, நன்றாக இருக்கிறாள். ஆனாலும் எலியின் வளையும், அந்தத் தண்ணீரும், அந்த வெடிப்பும் மூன்றடி இடைவெளியில் கூடி நின்றதை என்னால் மறக்க முடியவில்லை.

லெப்டோ என்று நாம் பேச்சில் சொல்கிறோமே, எலிக்காய்ச்சல், அது பெரும்பாலும் இந்த மூன்றும் ஓரிடத்தில் சேரும்போதுதான் வரும். லெப்டோஸ்பைரா என்ற கிருமி நூல்போலச் சுருண்டிருக்கும். எலியின் சிறுநீரகத்தில் குடியிருந்து அதன் மூத்திரத்தோடு வெளியே வரும். எலிக்கு அதனால் நோய் எதுவும் வருவதில்லை. அது ஓடியாடித் திரிந்து, போகிற இடமெல்லாம் கிருமியை விட்டுவிட்டுப் போகும். மாடு, எருமை, பன்றி, நாய் இவற்றிடமும் இந்தக் கிருமி உண்டு. காய்ந்த தரையில் சீக்கிரம் செத்துவிடும். ஈர மண்ணிலும் தேங்கிய நல்ல தண்ணீரிலும் வாரக்கணக்கில் உயிரோடு கிடக்கும். காலில் ஒரு கீறலோ, ஊறிய தோலோ, கண்ணோ வாயோ கிடைத்தால் உள்ளே போய்விடும். ஹைடல்பர்க்கில் அடால்ஃப் வைல் என்ற மருத்துவர் 1886-இல் இந்த நோயின் கடுமையான வடிவத்தை விவரித்தார். கிருமியைக் கண்டுபிடித்தவர்கள் ஜப்பானின் இனாடாவும் இடோவும், 1915-இல். அங்கே அந்த நோய்க்கு ஆளானவர்களில் நிலக்கரிச் சுரங்கத்தில் ஈரத்தில் நின்று வேலை செய்த தொழிலாளர்களே அதிகம். எந்த ஊரானாலும், காலை நனைத்துக்கொண்டு பிழைக்கிறவர்களைத்தான் இது தேடி வருகிறது.

நான் 2003-இல் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். 22 வருடம் அங்கேதான். குழாயில் எடுத்த ரத்தத்தை எந்திரத்தில் வைத்துச் சுழற்றினால் சிவப்பெல்லாம் அடியில் இறங்கி, மேலே தெளிந்த நீர் நிற்கும். நல்ல உடம்புக்காரர்களுக்கு அது வைக்கோல் நிறத்தில் இருக்கும். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் சில குழாய்களில் அது மஞ்சள் கரைத்து வைத்த தண்ணீர்போல அடர்ந்து நிற்கும். அந்த நிறத்தைக் கண்டதும் கை ஒரு கணம் நின்றுவிடும். கூடவே வந்த சீட்டை எடுத்துப் பார்ப்பேன். “காய்ச்சல், ஐந்து நாள்” என்று இருக்கும். பெயர் உண்டு, வயது உண்டு, ஆணா பெண்ணா உண்டு, வீட்டு முகவரியும் உண்டு. எந்தத் தண்ணீரில் நின்றார் என்று எழுத மட்டும் அந்தச் சீட்டில் இடமே கிடையாது. 22 வருடமும் அந்தச் சீட்டு மாறவில்லை.

இதை நான் வேறு ஒருவர் கதையாகச் சொல்லவில்லை. என் சின்ன மாமா குர்லாவில் ஒரு பட்டறையில் வேலை பார்த்தார். 2005 ஜூலை 26 அன்று மத்தியானத்துக்கு மேல் ரயில் நின்றுபோயிற்று. எல்.பி.எஸ். மார்க் வழியாக நடந்தே வந்தார். இடுப்பளவு, சில இடத்தில் நெஞ்சளவு தண்ணீர். குர்லா, காட்கோபர் தாண்டி விக்ரோலி வந்து சேரும்போது விடியப்போகிறது. அன்றைக்கு 24 மணி நேரத்தில் சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் மழை. அதே நாளில் கொலாபாவில் 73 மில்லிமீட்டர்தான். ஒரே நகரம், தெற்கு முனையில் குடை நனைந்தது, வடக்கே ஊர் முழுகியது. விஹார், பவாய் ஏரிகள் நிரம்பி வழிந்த தண்ணீரெல்லாம் மித்தி ஆற்றில் சேர்ந்து குர்லாவைப் புரட்டிவிட்டுத்தான் மாஹிம் பக்கம் போயிற்று.

பத்து நாள் கழித்து மாமாவுக்குக் காய்ச்சல். கெண்டைக்கால் சதையைத் தொட்டால் கத்தினார். “அவ்வளவு தூரம் தண்ணிக்குள்ள நடந்தவனுக்குக் கால் வலிக்காதாக்கும்” என்றார் ஆச்சி. கண் சிவந்திருந்தது, பீளை தள்ளவில்லை. காய்ச்சல் சூடு என்று நினைத்தோம். பக்கத்தில் பார்த்த டாக்டர் மலேரியாவுக்கு மாத்திரை கொடுத்தார். தண்ணீரில் நடந்ததை அவர் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. அன்றைக்கு மும்பையில் தண்ணீரில் நடக்காதவர் யார், அதை ஒரு விஷயமாகச் சொல்வானேன் என்றிருந்தோம். நான்காம் நாள், ஊருக்குப் போனால் சரியாகிவிடும் என்று நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஏற்றினோம். சோலாப்பூர் தாண்டியதும் வாந்தி. மறுநாள் காலை வெளிச்சத்தில் பார்த்தால் கண் மஞ்சளாக இருந்ததாம். ஒன்றுக்குப் போவது நின்றுபோயிற்று. ஊரில், திருநெல்வேலியில், மஞ்சள்காமாலை என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாள் போய்விட்டார். வயது 34.

அந்த வருடம் வெள்ளத்துக்குப் பிறகு மும்பையில் லெப்டோ பெரிய அளவில் பரவியது. அந்தக் கணக்கில் மாமா இல்லை. திருநெல்வேலிக் கணக்கிலும் இல்லை. யாரும் ரத்தத்தை அதற்கென்று சோதிக்கவில்லை. ஆகவே காகிதத்தைக் காட்டி இது லெப்டோதான் என்று என்னால் சொல்ல முடியாது. கூடத்தில் அப்போது நான் குழாய் கழுவி அடுக்குகிற புது ஆள். கெண்டைக்கால் வலியையும், பீளை இல்லாமல் சிவந்த கண்ணையும், மஞ்சளையும், அடைத்துக்கொண்ட சிறுநீரையும் ஒன்றாக வைத்துப் பார்க்கத் தெரிந்தது பின்னால்தான். தெரிந்த நாளிலிருந்து எனக்குச் சந்தேகம் இல்லை.

நோய் பிடித்தது குர்லா ரோட்டில். காய்ச்சல் வந்தது விக்ரோலியில். உயிர் போனது திருநெல்வேலியில். இந்த மூன்று இடத்தையும் சேர்த்துப் பார்க்க ஒருவரும் இல்லை. நம்மைப் போன்றவர்களுக்கு இந்த நோயில் உள்ள பெரிய ஆபத்து இதுதான் என்று நினைக்கிறேன். தண்ணீரில் கால் வைத்ததற்கும் காய்ச்சல் வருவதற்கும் நடுவில் பெரும்பாலும் ஐந்திலிருந்து பதினான்கு நாள், சில சமயம் ஒரு மாதம்வரைகூட ஆகும். அதற்குள் நனைந்த செருப்பு காய்ந்துவிடும், நாமும் மறந்துவிடுவோம். காய்ச்சல் வந்தால் ஊருக்குப் போகிற பழக்கமோ நமக்கு மூன்று தலைமுறையாக உண்டு.

நம் விக்ரோலியை ஒரு தடவை மேற்கிலிருந்து கிழக்காக நடந்து பாருங்கள். பார்க்சைட்டில் மலை. அங்கிருந்து சரிந்து இறங்கினால் எல்.பி.எஸ். மார்க். பிறகு ரயில் பாதை, அது ஒரு கரைபோல உயர்ந்து கிடக்கிறது. அதைத் தாண்டினால் டாகூர் நகர், பிறகு ஈஸ்டர்ன் எக்ஸ்பிரஸ் ஹைவே, அப்புறம் கன்னம்வார் நகர். அதற்கும் கிழக்கே அலையாத்திக் காடும் தானே கழியும். மலையில் விழுகிற மழை கழிக்குப் போய்ச் சேர இத்தனையையும் தாண்டியாக வேண்டும். ஓதம் ஏறியிருக்கும் நேரமானால் கழி தண்ணீரை வாங்காது, நாலா எதிர்த்து நிற்கும். 2025 ஆகஸ்ட் 16 அதிகாலையில் நகரத்திலேயே அதிக மழை கொட்டிய இடங்களில் விக்ரோலியும் ஒன்று. அன்றைக்குத்தான் பார்க்சைட்டில் மண் சரிந்து இரண்டு பேர் இறந்தார்கள். 2021 ஜூலையில் சூர்யா நகரில் நடந்த மண்சரிவை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மண்சரிவைப் பற்றி எல்லாரும் பேசுகிறோம், பேசவும் வேண்டும். அந்த மலையில் இறங்கிய தண்ணீர் கீழே போய் எந்தச் சந்தில் எத்தனை நாள் நின்றது என்று யாரும் குறித்துவைக்கவில்லை.

குறித்துவைத்தால் என்ன தெரியும் தெரியுமா? மலைமேல் வீட்டுக்குள் தண்ணீர் வராது. ஆனால் பார்க்சைட் பெண்கள் மலைக்கு அந்தப் பக்கம் பவாயில் வீட்டு வேலைக்குப் போகிறார்கள். பையன்கள் பைக்கில் சாப்பாட்டுப் பார்சலோடு எந்தத் தெருவிலும் இறங்குகிறார்கள். இட்லிக் குண்டானைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு விடியுமுன் புறப்படுகிற அண்ணன்மார், தண்ணீர் கட்டிய இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். இரண்டு கையும் ஹேண்டில்பாரில் இருக்கும், கால் எங்கே படுகிறது என்று பார்க்க முடியாது. தபேலாவில் வேலை செய்கிறவர்கள், நாலா தூர்வாருகிறவர்கள், கச்ரா வண்டியில் நிற்கிறவர்கள் கதை தனி, அவர்களுக்கு மழைக்காலம் முழுக்க இதே தண்ணீர்தான். இவர்களில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் பதிவேட்டில் ஏறுவது வீட்டு முகவரி. முனிசிபாலிட்டிக் கணக்கில் பார்க்சைட் ‘என்’ (N) வார்டு, கன்னம்வார் நகர் ‘எஸ்’ (S) வார்டு. நோய் எந்த வார்டில் காலுக்குள் புகுந்தது என்பது அந்தப் பதிவேட்டில் இல்லை. எலி வளையைத் தேடி ஆள் வரும்போது வீட்டைச் சுற்றித்தான் தேடுவார்கள்.

இந்த நகரம் எலி கொண்டுவந்த ஒரு நோய்க்காகத் தன் வரைபடத்தையே ஒரு தடவை மாற்றியிருக்கிறது. நம்மவர்கள் மாட்டுங்காவைப் பற்றிப் பெருமையாகப் பேசுவதுண்டு, அந்தப் பெருமைக்குப் பின்னால் இந்தக் கதையும் இருக்கிறது. 1896 செப்டம்பரில் மாண்ட்வியில், தானியக் கிடங்குகள் நிறைந்த பகுதியில், டாக்டர் அகாசியோ கேப்ரியல் வியேகாஸ் முதலில் பிளேக்கைக் கண்டு சொன்னார். எட்டு லட்சத்துக்கு மேல் மக்கள் இருந்த நகரம் சில மாதத்தில் ஏறக்குறையப் பாதி காலியாயிற்று. எல்லாரும் ஊருக்கு ஓடினார்கள். நோயும் அவர்களோடு ரயிலேறியது. ஹாஃப்கின் என்ற விஞ்ஞானி பிளேக்குக்குத் தடுப்பூசி செய்து 1897 ஜனவரி 10-இல் முதலில் தன் உடம்பிலேயே போட்டுக்கொண்டார். எலியிடமிருந்து மனிதனுக்குப் பிளேக்கைக் கொண்டுவருவது தெள்ளுப்பூச்சி என்று பால் லூயி சிமோன் கராச்சியில் காட்டியது 1898-இல். அதே 1898-இல்தான் பம்பாய் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் ஏற்பட்டது. காற்றும் வெளிச்சமும் வேண்டும் என்று நெருக்கமான பழைய பேட்டைகளை இடித்தார்கள், அகலமான தெருக்கள் போட்டார்கள், வடக்கே தாதர், மாட்டுங்கா, வடாலா, சயான் பக்கம் புதுக் குடியிருப்புகளை வகுத்தார்கள். அந்த மாட்டுங்காவில்தான் ஆபீஸ் வேலைக்கு வந்த தமிழர்கள் பிறகு குடியேறினார்கள். தோல் பதனிடும் தொழிலும், அதற்காகத் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்தவர்களும் தாராவிச் சதுப்பில். வெளிச்சம் ஒரு பக்கம் போயிற்று, ஈரம் இன்னொரு பக்கம் தங்கிவிட்டது. இரண்டு இடத்துக்கும் நடுவில் இருப்பது நடந்தே போகிற தூரம்.

பரேலில் பழைய கவர்னர் மாளிகை 1899-இல் பிளேக் ஆராய்ச்சிக்கூடம் ஆயிற்று, இப்போது அதற்கு ஹாஃப்கின் நிறுவனம் என்று பெயர். முனிசிபாலிட்டி இன்றும் இரவில் தடியும் டார்ச்சுமாக எலி அடிக்க ஆள் வைத்திருக்கிறது. ஆளுக்கு ஒரு இரவில் 30 எலி என்று கணக்கு கேட்பது வழக்கம். பிளேக் காலத்தில் ஏற்பட்ட பயம் அந்த அளவுக்காவது நமக்கு உதவுகிறது. 1994-இல் சூரத்தில் பிளேக் என்றதும் மறுபடி அதே ஓட்டம். மறுவருடம் எஸ்.ஆர். ராவ் கமிஷனராக வந்து குப்பையை அள்ளுவதிலிருந்து தொடங்கிய பிறகுதான் அந்த ஊர் முகமே மாறியது. லெப்டோவுக்கு அப்படி ஒரு பெரும் பயம் வந்ததில்லை. ஒரே நாளில் நூறு பேரை அது எடுப்பதில்லை. இந்தச் சாலில் ஒருவர், அந்தச் சாலில் ஒருவர், அதிலும் சிலர் ரயிலில். அதனால்தான் நாம் எண்ணாமல் விட்டுவிடுகிறோம்.

எண்ணிப் பார்க்கிற இடங்களும் உண்டு. 2024 டிசம்பரில் யாழ்ப்பாண மாவட்டத்தில், ஃபெங்கல் புயல் மழைக்குப் பிறகு, ஒரு காய்ச்சல் சிலரைக் கொண்டுபோயிற்று. முதலில் மர்மக் காய்ச்சல் என்றுதான் பேச்சு. பரிசோதனை முடிவு வந்ததும் எலிக்காய்ச்சல் என்று தெரிந்தது. இலங்கையில் வயலில் இறங்குகிறவர்களுக்குப் பருவத்துக்கு முன்பே பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் டாக்ஸிசைக்ளின் மாத்திரை கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. எந்த வயல், யார் இறங்குவார்கள் என்று அவர்கள் கையில் பட்டியல் இருப்பதால் கொடுக்க முடிகிறது. 2018 வெள்ளத்தில் கேரளம் முழுக்க அதே மாத்திரையைக் கொடுத்தார்கள். நம் வயல் எல்.பி.எஸ். மார்க்தான். பட்டியல்தான் இல்லை.

மாத்திரையைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், வரி பிரிக்கும்போது கேள்வி கேட்பார்கள். 1982-இல் பனாமா காட்டில் பயிற்சிக்குப் போன அமெரிக்கச் சிப்பாய்களில் 940 பேரை வைத்துச் சோதித்தார்கள். பாதிப்பேருக்கு வாரம் ஒரு தடவை டாக்ஸிசைக்ளின் 200 மில்லிகிராம், மீதிப்பேருக்கு மருந்தில்லாத மாத்திரை. மருந்தில்லாத கூட்டத்தில் 20 பேருக்கு நோய், மருந்து சாப்பிட்டவர்களில் ஒரே ஒருவருக்கு. பிறகு செய்த எல்லா ஆய்விலும் இவ்வளவு தெளிவான பலன் கிடைக்கவில்லை. அதனால் மாத்திரை இருக்கிறதே என்று தண்ணீரில் தைரியமாக இறங்கச் சொல்ல மாட்டேன். ஆனாலும் இறங்கியே தீர வேண்டியவர்களுக்கு நம் கையில் உள்ள நல்ல துணை அதுதான்.

மும்பை முனிசிபாலிட்டி மழைக்காலத்தில் சொல்லும் முறை மூன்று தரமாக இருக்கிறது. வெள்ளத்தில் ஒரே ஒரு தடவை நடந்தவர், காலில் புண் இல்லாதவர், ஒரு வேளை 200 மில்லிகிராம். புண்ணோடு நடந்தவர், மூன்று நாள், தினம் 200. தூர்வாருகிறவர், மீட்பு வேலைக்குப் போகிறவர்போல மறுபடி மறுபடி இறங்குகிறவர், வாரம் ஒரு தடவை 200, ஆறு வாரம். தண்ணீரில் இறங்கிய 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும் இந்த மாத்திரை ஆகாது, டாக்டர் வேறு மருந்து தருவார். ஆகவே கடையில் வாங்கிப் போட்டுக்கொள்கிற காரியமாக இதை ஆக்க வேண்டாம். முனிசிபாலிட்டி தவாக்கானாவில் கேளுங்கள், அங்கே கொடுப்பார்கள்.

காய்ச்சலே வந்துவிட்டால் அதற்கு வேறு கதை. முதல் வாரத்தில் எலைசா ரத்தச் சோதனையில் நோய் இல்லை என்று வரலாம். உடம்பு அதை எதிர்க்கும் பொருளை இன்னும் போதிய அளவு செய்திருக்காது. கூடத்தில் இருந்த காலத்தில் அப்படி “இல்லை” என்று போன சீட்டுகள் நான்கு நாள் கழித்து “உண்டு” என்று திரும்பி வந்ததை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஆனால் மருந்து ஆரம்பத்தில் கொடுத்தால்தான் சிறுநீரகம் தப்பும். அப்படியானால் டாக்டர் எதை வைத்து முடிவெடுப்பார்? நீங்கள் சொல்வதை வைத்துத்தான். “இத்தனாம் தேதி, இந்த இடத்தில், இவ்வளவு ஆழத் தண்ணீரில் நின்றேன், காலில் புண் இருந்தது.” மழைக்காலத்தில் மும்பையில் டெங்கு, மலேரியா, லெப்டோ மூன்றும் ஒரே மாதிரிக் காய்ச்சலோடுதான் ஆரம்பிக்கின்றன. இந்த ஒரு வாக்கியம் டாக்டரின் யோசனையைத் திருப்பிவிடும்.

இதற்காகத்தான் உங்களிடம் கேட்கிறேன். வரி ரசீது அச்சடிக்கும்போது கூடவே ஒரு சின்னச் சீட்டு அடித்துவிடலாம். தண்ணீர்ச் சீட்டு என்று பெயர் வைத்திருக்கிறேன். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் மராத்தியும் ஆங்கிலமும். தண்ணீரில் இறங்கிய தேதி, இறங்கிய இடம், கணுக்காலா முழங்காலா இடுப்பா, காலில் புண் உண்டா, மாத்திரை சாப்பிட்டீர்களா என்று ஐந்து வரி போதும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு வீட்டுப் பிள்ளைகள் எழுதட்டும். காய்ச்சல் வந்தால் முதலில் அந்தச் சீட்டை நீட்ட வேண்டும், ஊரில் உள்ள டாக்டரிடமும்தான். அதைவிட முக்கியமாக, மழைத்தண்ணீரில் இறங்கி ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால், கெண்டைக்கால் வலித்தால், கண் சிவந்தால், ரயிலேறாதீர்கள். ராஜாவாடி இருக்கிறது, தொற்றுநோய்க்கென்றே கஸ்தூர்பா இருக்கிறது. ஊரில் உள்ளவர்களை இங்கே வரச் சொல்லலாம். ஆச்சி, பெரியம்மா யாராவது “ஊருக்குக் கூட்டிட்டுப் போயிருவோம்” என்று அழுதால், இந்த மடலை அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். என் ஆச்சி அழுததால்தான் நாங்கள் டிக்கெட் எடுத்தோம். அவர் மேல் எந்தக் குறையும் இல்லை, பிள்ளை பிழைக்க வேண்டும் என்றுதான் அழுதார்.

கொடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நேர்த்திக்கடனைச் செருப்புப் போட்டுச் செய்யுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அம்மனுக்கு முன்னால் வெறுங்காலோடு நிற்பது என்ன என்று எனக்கும் தெரியும், நானும் எடுத்திருக்கிறேன். ஊர்வலம் போகும் சந்துகளை இரண்டு நாள் முன்னாலேயே நடந்து பார்த்து, தண்ணீர் கட்டும் இடத்தில் செங்கல்தூளும் மண்ணும் போட்டு உயர்த்தலாம். எலி வளைகளைச் சுண்ணாம்பால் வட்டமிட்டு, 1916-க்குப் போன் போட்டு வார்டு பூச்சித்தடுப்பு ஆட்களை வரவழைக்கலாம். பிளீச்சிங் பவுடர் தெளிக்கலாம். காலில் புண் உள்ளவர்கள் காப்புக் கட்டும்போதே சொல்லட்டும், தண்ணீர் புகாத கட்டுப் போட்டு அனுப்பலாம். கோயில் வாசலில் நல்ல தண்ணீரும் சோப்பும் வைத்துக் காலைக் கழுவவிடுங்கள், விரலிடுக்கைத் துடைக்கத் துணியும் வேண்டும். அன்னதானத்து இலையை ராத்திரி முழுக்க நாலா ஓரத்தில் போட்டு வைப்பது இந்த வருடம் வேண்டாம். ஒரே ராத்திரியில் எத்தனை எலிக்குச் சோறு அது என்று நினைத்துப் பாருங்கள்.

மகளிர் குழுவினருக்குத் தனியாக ஒன்று. வீட்டு வேலைக்குப் போகிறவர்கள், முதலாளியம்மா வீட்டு வாசலில் ஈரத்தோடு நிற்கிற அந்தக் காலையே கவனியுங்கள். சேற்றுப்புண்ணுக்கு மஞ்சளும் வேப்பெண்ணெயும் பூசுவதை நான் தடுக்கவில்லை. ஆனால் புண் ஆறும்வரை தண்ணீரில் இறங்காமல் இருக்க வழி பாருங்கள், இல்லையென்றால் முழங்கால்வரை வருகிற ரப்பர் பூட்ஸ். குழுச் சேமிப்பில் மொத்தமாக வாங்கினால் மலிவாகக் கிடைக்கும். ஒரு நாள் சம்பளம் போய்விடும் என்று காய்ச்சலோடு வேலைக்குப் போவதை நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். நான்கு பேர் சேர்ந்தால் அந்த ஒரு நாள் சம்பளத்தைக் குழுவிலிருந்து ஈடுகட்ட முடியாதா?

கடைசியாக, வரைபடம். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கோயில் மண்டபத்தில் உட்காருவோம். நான்கு சார்ட் பேப்பரும் கலர் பென்சிலும் நான் கொண்டு வருகிறேன். டாகூர் நகரிலிருந்து, நாலா மூடிகளில் எது உடைந்திருக்கிறது என்று தெரிந்த ஒருவர் வேண்டும். கன்னம்வார் நகரிலிருந்து, காஞ்சுர்மார்க் குப்பைமேட்டுப் பக்கம் எலி நடமாட்டம் தெரிந்த ஒருவர். பார்க்சைட், சூர்யா நகரிலிருந்து, மழை வந்தால் எந்தப் படிக்கட்டு வாய்க்காலாகிறது என்று சொல்ல ஒருவர். இட்லிக்கார அண்ணன்மார் இருவராவது வர வேண்டும், அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு மும்பையின் பள்ளங்கள் வேறு யாருக்கும் தெரியாது. தண்ணீர் நிற்கும் இடத்துக்கு நீலம், எலி வளைக்குக் கறுப்பு, நம் ஆட்கள் தினம் கடந்துபோகும் வழிக்குச் சிவப்பு. மூன்று நிறமும் எங்கே சேருகிறதோ அந்த இடங்களின் பட்டியலை ‘என்’ (N) வார்டிலும் ‘எஸ்’ (S) வார்டிலும் எழுத்தில் கொடுத்து, வெள்ளம் வந்த மறுநாளே கோயில் மண்டபத்தில் மாத்திரை முகாம் போடச் சுகாதார அதிகாரியிடம் இப்போதே கேட்டு வைப்போம். வரிப் பட்டியலில் வீட்டுக்கு எத்தனை பேர் என்று ஏற்கெனவே இருக்கிறது. யார் எந்த வேலைக்கு எந்த வழியில் போகிறார் என்று பக்கத்தில் ஒரு கட்டம் சேர்த்தால் போதும்.

ஒரு சார்ட்டில் சிவப்புக் கோடு ஒன்றை நான் முன்கூட்டியே போட்டு வைத்திருக்கிறேன். குர்லாவில் தொடங்கி, எல்.பி.எஸ். மார்க் நெடுக, காட்கோபர் தாண்டி, நம் வீட்டு வாசல்வரை வருகிறது. மாமா எங்கெங்கே நின்றார் என்று எனக்குத் தெரியாததால் நீலம் மட்டும் இன்னும் தீட்டவில்லை. அந்த ராத்திரி அதே ரோட்டில் நடந்து வந்தவர்கள் உங்களில் பலர் இருக்கிறீர்கள். எங்கே எவ்வளவு ஆழம் என்று வந்து சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருத்தி
டாகூர் நகர், விக்ரோலி கிழக்கு